மக்களோடு சேர்ந்து ஆய்வு: கல்லூரியின் கலைப்புல, சமூக அறிவியல் துறைகளுக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

வரலாறு, இலக்கியம், தத்துவம், சமூகவியல், பொருளியல், அரசியல் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் கல்லூரி வளாகத்தைத் தாண்டி மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்யக் கிளம்பும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். மாணவர்கள் கேட்பவை, ஆசிரியர்கள் கேட்பவை, ஆய்வாளர் வந்து கதவைத் தட்டும் வீடுகளில் கேட்பவை எல்லாம் கலந்தே இருக்கும். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

மக்கள் பங்கேற்பு என்றால் என்ன? கண்காட்சி, சொற்பொழிவு நடத்துவதுதானே?

அதுவும் சேரும், ஆனால் அது கடைசிக் கட்டம். ஆய்வு முடிந்து, கட்டுரையும் அச்சாகி, அப்புறம் "இதை மக்களுக்கும் சொல்லிவிடலாமே" என்று ஒரு நிகழ்ச்சி வைத்தால் வந்தவர்கள் கேட்பார்கள், கைதட்டுவார்கள், போய்விடுவார்கள். தப்பில்லை. ஆனால் அவர்கள் என்ன சொன்னாலும் ஆய்வு மாறப் போவதில்லை. அதுதான் முடிந்துவிட்டதே.

இங்கே நாம் பேசுவது அதற்கு முந்தைய வேலையை. எந்தக் கேள்வியை எடுப்பது, யாரிடம் போவது, கிடைத்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஒவ்வொரு கட்டத்திலும், அந்த விஷயத்தோடு வாழ்கிறவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். உங்கள் திட்டம் அப்படிப்பட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வெளியாள் ஒருவர் "இந்தக் கேள்வியே சரியில்லை" என்று சொன்னால் அதை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா? நேரம் போன பிறகு கூப்பிட்டிருந்தால் அவரை வெறும் பார்வையாளராகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

இது ஒருவகைச் சமூக சேவை என்று சொல்லலாமா?

வேண்டாம். சேவை முகாமில் நீங்கள் கொடுக்கிறீர்கள், அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். ஆய்வில் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் நீங்கள்தான். அவர்களுடைய நேரம், நினைவு, பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் பழைய கடிதம் என்று எல்லாமே அவர்கள் தருவது. பட்டம் வாங்கப் போவதும் நீங்களே. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் வாசலில் நின்று பேசும் தோரணையே மாறிவிடும்.

இது சமீபத்திய மோஸ்தரா?

பெயர்தான் புதிது. 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் போய்க் குடியிருந்துகொண்டே அந்தப் பகுதியை ஆராய்ந்தார்கள். எந்த வீட்டில் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், வாரத்துக்கு எவ்வளவு கூலி வருகிறது என்று நிறம் தீட்டிய வரைபடங்களோடு 1895இல் ஒரு நூல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியல் புகழ்பெறுவதற்கு முன்பே நடந்த வேலை இது.

அடுத்த சில ஆண்டுகளில் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தின் ஏழாம் வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கி, கறுப்பின மக்களின் வேலை, வாடகை, படிப்பு, உடல்நலம் எல்லாவற்றையும் பதிவு செய்தார். 1899இல் நூலாக வந்தது. அங்கே வறுமை இருந்ததற்குக் காரணம் அந்த மக்களின் குணம் என்று அன்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். வேலை மறுக்கப்படுவதையும் கூடுதல் வாடகை பிடுங்கப்படுவதையும் எண்களோடு அவர் எடுத்துக் காட்டினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் மாணவர்களின் கையில் கேள்விப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். தொகுப்பு 1918இல் வெளியானது. 1930களில் வேறு ஆய்வாளர்கள் அதே கிராமங்களுக்கு மறுபடி போனார்கள். பிந்தைய தலைமுறைகளும் போயின. நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது என்று ஒப்பிட இன்று நமக்கு ஓர் ஆதாரம் இருப்பது அந்த மாணவர்களால்தான். பருவத் திட்டம்தானே என்று அலட்சியமாகக் குறிப்பெடுக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் 1937இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் என்ற திட்டம் இன்னொரு திசையில் போனது. சாதாரண மக்களே தங்கள் அன்றாடத்தை எழுதி அனுப்பினார்கள். அந்த ஆண்டு மே 12, ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்ட நாளில், யார் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்படித்தான் பதிவானது. அரண்மனைக் குறிப்புகளில் அது கிடைக்காது. 1970களில் கொலம்பியாவில் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்தா விவசாயிகளோடு சேர்ந்து செய்த ஆய்வு, 'பங்கேற்புச் செயல் ஆய்வு' என்ற முறைக்கே அடித்தளம். அவரைப் பற்றிக் கீழே இன்னும் கொஞ்சம் பேசுவோம்.

சமூகவியலுக்குச் சரி. இலக்கியமும் தத்துவமும் படிப்பவர்கள் மக்களிடம் போய் என்ன செய்வது?

இந்தக் கேள்வியில் ஒரு தாழ்வு மனப்பான்மை தெரிகிறது. அது தேவையே இல்லை. 1995இல் எர்ல் ஷோரிஸ் என்ற எழுத்தாளர், நியூயார்க்கில் ஏழைகளுக்குத் தத்துவம், கவிதை, கலை வரலாறு, தர்க்கம், அமெரிக்க வரலாறு ஆகியவற்றைப் பல்கலைக்கழகத் தரத்தில் சொல்லிக்கொடுக்கும் வகுப்பைத் தொடங்கினார். தொழிற்பயிற்சி கொடுக்காமல் சாக்ரடீஸைக் கொடுப்பதா என்று கேட்டார்கள். அந்த வகுப்பு பிறகு பல நகரங்களுக்கும் நாடுகளுக்கும் பரவியது.

இதில் ஆய்வு எங்கே வருகிறது என்றால், ஒரு பிரதியை வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்கள் வாசிக்கும்போது வேறு பொருள் கிடைக்கிறது. கடன் பட்ட அனுபவம் உள்ளவர் ஒரு நாவலில் வரும் கடன் காட்சியை எப்படி வாசிக்கிறார் என்பது விமர்சனக் கட்டுரைக்குத் தரமான பொருள். மொழியியல் துறைக்குச் சொல்லவே வேண்டாம். அழிந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலின் சொற்களைத் தொகுக்க வேண்டுமென்றால் அகராதி உதவாது, அந்தத் தொழிலைச் செய்த கைகளோடு உட்கார வேண்டும். கருவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். கை அசைந்தால்தான் பல சொற்கள் ஞாபகத்துக்கு வரும்.

ஆய்வுக் கேள்வியை யார் முடிவு செய்வது?

சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியில் இருக்கும் இரண்டு படிகளில் மக்களைச் சும்மா ஆட்டிவைப்பது, பங்கேற்பு என்ற பெயரில் அவர்களையே சரிசெய்யப் பார்ப்பது. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, பெயருக்கு ஓர் இடம் கொடுத்துச் சமாதானப்படுத்துவது. மேலே கூட்டாகச் செய்வது, அதிகாரத்தைப் பகிர்வது, கடைசியில் மக்களே நடத்துவது. நகரத் திட்டங்களை மனதில் வைத்து எழுதியது என்றாலும் கல்லூரிக்கு அப்படியே பொருந்துகிறது.

எல்லாத் திட்டமும் உச்சிப்படிக்குப் போக வேண்டும் என்றில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டில் கேள்விக்குப் பொறுப்பு ஆய்வாளருடையது, அதைத் தேர்வாளர் முன் காப்பாற்ற வேண்டியவரும் அவர்தான். ஆனால் நான்காம் படியில் நின்றுகொண்டு ஆறாம் படியில் நிற்பதாகச் சொல்லக் கூடாது. "உங்கள் கருத்தைக் கேட்கிறோம், முடிவு நாங்கள் எடுப்போம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை. கூட்டாகச் செய்கிறோம் என்று அழைத்துவிட்டு, மூன்றாம் கூட்டத்தில் அச்சடித்த கேள்விப்பட்டியலை நீட்டினால் அதற்கடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

சமூகத்தின் தலைவர் சம்மதித்துவிட்டார். போதாதா?

போதாது. சங்கத் தலைவர் வழியாக உள்ளே போனால் அவர் கைகாட்டும் பத்துப் பேரைத்தான் பார்ப்பீர்கள். அவருக்கு ஆகாதவர்கள், குத்தகைக்கு இருப்பவர்கள், போன வருடம் கல்யாணமாகி வந்த பெண்கள், இவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். தலைவரிடம் மரியாதைக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள், அப்புறம் வேறு இரண்டு மூன்று வாசல்களையும் தேடுங்கள். 'அந்த மக்கள் இப்படி நினைக்கிறார்கள்' என்று உங்கள் அறிக்கையில் எங்காவது எழுதியிருந்தால் நின்று யோசியுங்கள், எந்த மக்கள்?

ஒரு பருவத்துக்குள் முடிக்க முடியுமா?

சிறிதாக வைத்துக்கொண்டால் முடியும். பலர் கணக்கில் கோட்டைவிடுவது ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கும் வேலையில். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க, பழகிய கைக்கே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். வட்டார வழக்கு, பின்னணி இரைச்சல், ஒரே நேரத்தில் இருவர் பேசுவது என்றால் இன்னும் கூடும். பத்துப் பேட்டி என்றால் நாற்பது முதல் அறுபது மணி நேரம் இதற்கே போகும். தானியங்கி எழுத்தாக்கச் செயலிகள் முதல் வரைவுக்கு உதவும். ஆனால் வட்டாரச் சொல்லையும் ஊர்ப்பெயரையும் அவை தம் இஷ்டத்துக்கு மாற்றிவிடும், கேட்டுத் திருத்தாமல் பயன்படுத்தாதீர்கள்.

இளங்கலை மாணவர்களுக்கு எங்கள் யோசனை: ஆளுக்கு இரண்டு பேட்டி, வகுப்பு முழுவதற்கும் ஒரே பொருள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அங்கிருந்தே தொடரட்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிய இடம், புதிய தலைப்பு என்று தாவுகிற துறைகளுக்குக் கடைசியில் யாரோடும் உறவு இருக்காது.

பேட்டி எடுப்பதில் ஏதாவது சூட்சுமம் உண்டா? எல்லோரும் ஒற்றை வரியில் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி பெரிதாக இருந்தால் பதில் சிறிதாகத்தான் வரும். ஆலை மூடப்பட்ட ஓர் இடத்தில், "ஆலை மூடியது உங்கள் குடும்பத்தை எப்படிப் பாதித்தது?" என்று கேட்டுப்பாருங்கள். "கஷ்டமாத்தான் இருந்தது" என்பார்கள். அவ்வளவுதான். அதையே "மூடின மறுநாள் காலையில் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டால் வேறு மாதிரி வரும். சங்கு ஊதவில்லை, ஆனாலும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது, குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாதிப்பு என்ற சொல்லே அந்தப் பதிலில் இருக்காது. உங்களுக்கு வேண்டியது முழுக்க அதில் இருக்கும்.

அப்புறம், பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். ஐந்தாறு நொடி சும்மா இருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம். பேசுபவர் அதற்குள் இன்னொன்றை நினைவுக்குக் கொண்டுவந்திருப்பார். பழைய புகைப்படம், சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஏதாவது இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்பது ("அப்போ ரொம்பப் பயமா இருந்திருக்குமே?") பெரிய குற்றம். மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள், நீங்களும் அதைச் சான்றாக எழுதிவிடுவீர்கள்.

பேசத் தயங்குகிறவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. 1990களில் கரோலைன் வாங்கும் மேரி ஆன் பரிஸும் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமத்துப் பெண்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்து, தங்கள் வாழ்க்கையைப் படம் பிடிக்கச் சொன்னார்கள். படத்தை வைத்துக்கொண்டு பேசச் சொன்னபோது, பேட்டியில் வராத பல விஷயங்கள் வந்தன. இந்த முறை இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது.

கருவியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. முதல் ஒரு நிமிடம் பதிவு செய்துவிட்டு நிறுத்திப் போட்டுக் கேளுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம். இனிப் பிரச்சினை இல்லையே?

படிவம் கல்லூரியைக் காப்பாற்றும். பேசியவரைக் காப்பாற்றுமா என்பது தனிக் கேள்வி.

பாஸ்டன் கல்லூரியின் 'பெல்ஃபாஸ்ட் திட்டம்' இதற்கு உலகறிந்த உதாரணம். வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்ட முன்னாள் ஆயுதக் குழு உறுப்பினர்களை 2001 முதல் 2006 வரை பேட்டி எடுத்தார்கள். உயிரோடு இருக்கும்வரை எதுவும் வெளியே வராது என்ற நம்பிக்கையில் அவர்கள் மனம் திறந்து பேசினார்கள். 2011இல், ஒரு பழைய கொலை வழக்கு விசாரணைக்காகப் பிரிட்டன் அதிகாரிகள் கேட்டுக்கொள்ள, அமெரிக்க அரசு அந்தப் பதிவுகளைக் கோரி ஆணை அனுப்பியது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு ஒரு பகுதிப் பதிவுகள் கைமாறின. ஆய்வாளர் கொடுத்த வாக்குறுதியை நீதிமன்றம் மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் ரகசியம் காக்க முடியும் என்பதைப் பேசுபவருக்குப் புரியும்படி யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இதிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையானது. உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். சட்டச் சிக்கலில் மாட்டிவிடக்கூடிய விஷயத்தைப் பேசுபவர் தொடப்போகிறார் என்று தெரிந்தால் பதிவை நிறுத்திவிட்டு எச்சரியுங்கள்.

ஒப்புதலை ஒரு தடவை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவதும் தப்பு. பேட்டிக்கு முன்பு ஒரு தடவை. எழுத்துப்படியைக் காட்டிய பிறகு இன்னொரு தடவை. முதலில் சொல்லாத புதிய பயன்பாடு ஏதாவது வந்தால் மறுபடியும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குவதைவிட, படிவத்தை வாசித்து விளக்கி, அவர் வாயால் சொல்லும் சம்மதத்தைப் பதிவு செய்வது மேல். விலகிக்கொள்ளும் உரிமைக்கு ஒரு தேதி போடுங்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று எழுதிவிட்டு நூல் அச்சான பிறகு கையை விரிப்பது நேர்மையில்லை.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் அல்லவா?

சிறிய ஊரில் மறையாது. 'அந்தப் பகுதியின் ஒரே பெண் பேருந்து ஓட்டுநர்' என்று எழுதிவிட்டு அவரை அமுதா என்று அழைத்தாலும் பத்மா என்று அழைத்தாலும் ஒன்றுதான். வயது, தொழில், குடும்ப விவரம் மூன்றையும் சேர்த்துப் போட்டாலே கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியாளுக்குத் தெரியாது என்பது ஆறுதல் அல்ல. அவர் பயப்படுவது பக்கத்து வீட்டுக்காரருக்கு.

மறுபக்கமும் உண்டு. சிலருக்குத் தங்கள் பெயர் வந்தே ஆக வேண்டும். தன் பாட்டை, தன் கைவேலையை, தான் நடத்திய போராட்டத்தைச் சொன்னவரின் பெயரை அழித்துவிட்டு ஆய்வாளரின் பெயரை மட்டும் அட்டையில் போடுவது என்ன நெறிமுறை? கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நெறிமுறைக் குழு எல்லாம் மருத்துவ ஆய்வுக்குத்தானே? வெறும் பேச்சுக்கு எதற்கு?

விதிகள் பிறந்தது மருத்துவத்தில்தான். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேக நோய் (சிபிலிஸ்) கண்ட கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் கிடைத்த பிறகும் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்கள். அது வெளியே வந்த பிறகுதான் 1979இல், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான நெறிகளைச் சொல்லும் பெல்மான்ட் அறிக்கை வெளியானது. மனிதரை மதிப்பது, நன்மை செய்வது, நீதி என்ற அதன் மூன்று கொள்கைகள் பேச்சுக்கும் பொருந்தும். ஊசி குத்தாமலேயே ஒருவருக்கு வேலை போகலாம், குடும்பம் உடையலாம்.

ஆய்வுக்கு ஆட்பட்டவர்களே விதி எழுதிய கதையும் இருக்கிறது. ஆய்வாளர்கள் ஓயாமல் வந்துபோன தென்னாப்பிரிக்கப் பழங்குடியினரான சான் மக்கள், 2017இல் தங்களுக்கான ஆய்வு நெறிமுறையைத் தாங்களே வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்பவை அதன் ஆதாரம். செய்வதாகச் சொன்னதைச் செய்யாமல் போகிறவர்களைப் பற்றி அதில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள். குழுவுக்கு விண்ணப்பம் எழுதும் முன் மாணவர்கள் அதை வாசிக்கலாம். சில பக்கங்கள்தான்.

பேசுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

ஒரு தடவை பேசுகிறவருக்கு வழிச்செலவும் இழந்த நேரத்துக்கு ஈடும் கொடுப்பது நியாயம். மறுக்க முடியாத அளவுக்குப் பெரிய தொகை கொடுத்தால் சம்மதம் என்பதே கேள்விக்குரியதாகிவிடும். மாதக்கணக்கில் கூடவே அலைந்து, ஆள் அறிமுகம் செய்து, மொழிபெயர்த்துக் கொடுக்கும் உள்ளூர்க்காரர் வேறு ரகம். அவர் செய்வது ஆய்வு உதவியாளர் வேலை. சம்பளமும் கொடுங்கள், கட்டுரையில் பெயரும் போடுங்கள். நன்றியுரையில் ஒரு வரி மட்டும் எழுதித் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் நம் துறைகளில் ரொம்ப நாளாக இருக்கிறது.

மக்களோடு இவ்வளவு ஒட்டினால் நடுநிலை போய்விடாதா?

நியாயமான சந்தேகம். 2004இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத் தலைவராக மைக்கேல் புராவாய் 'பொதுச் சமூகவியல்' வேண்டும், அதாவது துறை தனக்குள் மட்டும் பேசாமல் பொதுமக்களோடும் பேச வேண்டும் என்று உரையாற்றியபோது, துறைக்குள்ளேயே பெரிய விவாதம் எழுந்தது. துறையின் நம்பகத்தன்மை கெட்டுவிடும் என்று பயந்தவர்கள் பலர். புராவாயும் தொழில்முறை ஆய்வை ஒதுக்கவில்லை. அது இல்லாமல் பொதுச் சமூகவியலே நிற்காது என்றுதான் சொன்னார்.

எங்கள் நிலைப்பாடு இது. கேள்வியைச் சேர்ந்து முடிவு செய்யலாம், பதிலை வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது. தரவு எதைக் காட்டுகிறதோ அதைத்தான் எழுத வேண்டும், கூட்டாளிக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். டு போய்ஸ் யார் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனாலும் அவருடைய கணக்கு வலுவாக நின்றது, ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் போயிருந்தார்.

கண்டுபிடித்தது அவர்களுக்குப் பிடிக்காவிட்டால்?

இது நடக்கும். அதனால் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வரைவைப் படிக்க எத்தனை நாள், தகவல் பிழை என்றால் திருத்துவோம், விளக்கத்தில் கருத்து வேறுபாடு என்றால் அவர்கள் மறுப்பையும் கூடவே அச்சிடுவோம், வெளியிடுவதைத் தடுக்கும் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை. சண்டை வந்த பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் நடக்காது.

முடிவுகளை எந்த வடிவில் திருப்பித் தருவது?

ஆய்வேட்டின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பது மரியாதை, அதோடு நின்றால் வீண். முன்னூறு பக்க ஆய்வேட்டை யார் படிப்பார்கள்? தேர்வாளர்களே சிலசமயம் முழுதாகப் படிப்பதில்லை.

ஃபால்ஸ் போர்தாவும் அவரோடு இருந்தவர்களும் கொலம்பியாவின் கரீபியக் கரையோரத்தில் செய்ததைப் பாருங்கள். நிலத்துக்காக நடந்த போராட்டங்களை முதிய விவசாயிகளிடம் கேட்டார்கள். உலியானோவ் சலர்க்கா என்ற ஓவியர் அவற்றைப் படக்கதைகளாக வரைந்தார். சரிபார்த்ததும் அந்த மக்களேதான். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் பிள்ளைகளும் பார்க்கக்கூடிய வடிவம். ஒரே விஷயத்தைப் படக்கதை, எளிய கையேடு, ஆய்வு நூல் என்று பல நிலைகளில் எழுதுவதை அவர் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். திருப்பித் தருவது அவருக்கு ஆய்வின் ஒரு கட்டம். திருப்பிக் கொடுத்தபோது வந்த எதிர்வினையும் தரவாகச் சேர்ந்தது.

உங்களிடம் ஓவியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் ஒலிப்பதிவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். தாத்தாவின் குரல் பேரனுக்கு உங்கள் முடிவுரையைவிடப் பெரிய விஷயம். உள்ளூர் நூலகத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, நாங்கள் புரிந்துகொண்டது இது, எங்கே தப்பு என்று கேளுங்கள். அச்சுக்குப் போகும் முன்பு கேளுங்கள்.

வீட்டில் இருந்தபடியே பொதுமக்கள் பங்கேற்கும் திட்டங்கள் உண்டாமே?

உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2010இல் 'டிரான்ஸ்கிரைப் பெந்தம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தத்துவவாதி ஜெரமி பெந்தமின் கிறுக்கலான கையெழுத்துப் பிரதிகளைத் தன்னார்வலர்கள் இணையத்தில் பார்த்து எழுத்தாக்குகிறார்கள். அதே ஆண்டு வந்த 'ஓல்ட் வெதர்' திட்டத்தில் முதல் உலகப்போர்க் காலப் பிரிட்டன் கடற்படைக் கப்பல்களின் நாட்குறிப்பைப் படித்து வானிலைத் தகவலை எடுத்தார்கள். ஈர்க்கப்பட்ட சிலர் கப்பல்களின் கதையையே தேட ஆரம்பித்துவிட்டார்கள். இப்படி ஒரு திட்டம் தொடங்கினால், தன்னார்வலர்களின் சந்தேகத்துக்குத் தினமும் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது இல்லாமல் இறங்காதீர்கள்.

இதெல்லாம் பதவி உயர்வுக்கு உதவுமா?

பல கல்லூரிகளில் இன்னும் உதவாது, ஆய்விதழ்க் கட்டுரையைத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் காற்று மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990இலேயே, புதிதாகக் கண்டுபிடிப்பதோடு ஒருங்கிணைத்தல், பயன்படுத்துதல், கற்பித்தல் ஆகியவையும் புலமைதான் என்று வாதிட்டார். பிரிட்டனின் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டில் வெளியுலகில் ஏற்பட்ட தாக்கத்துக்கு 2014இல் 20 சதவீத எடை. 2021இல் அது 25 சதவீதம் ஆனது.

எண் வந்தால் எண்ணுக்காக ஓடுவதும் வரும். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது சுலபமாக எண்ணக்கூடியது, ஆனால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரு பாடநூல் மாறியதா, ஒரு அலுவலகம் தன் படிவத்தைத் திருத்தியதா, ஆய்வில் பங்கெடுத்தவர்கள் அடுத்த கேள்வியைத் தாங்களே கொண்டுவந்தார்களா என்று பாருங்கள். இதற்கெல்லாம் சில வருடம் ஆகும். கடிதம், மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் தேதியோடு அன்றைக்கன்றே எடுத்துவையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

பதிவுகளை எங்கே வைப்பது?

மாணவரின் கைபேசியில் மட்டும் வைக்கக் கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில். மூலப் பதிவைச் சுருக்காத வேவ் (WAV) ஒலிக்கோப்பாக வையுங்கள். யார், எப்போது, எங்கே, எந்த நிபந்தனையோடு என்ற குறிப்பு இல்லாத பதிவு பத்து வருடம் கழித்து யாருக்கும் உதவாது. கல்லூரி நூலகரைத் திட்டம் தொடங்கும் நாளிலேயே கூப்பிட்டுப் பேசுங்கள்.

நான் கல்லூரிக்காரன் இல்லை. எங்கள் பகுதிக்கு ஒரு ஆய்வு தேவை. கேட்கலாமா?

தாராளமாக. நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1970களிலேயே இதற்கென 'அறிவியல் கடைகள்' திறந்தார்கள். ஆய்வுக்குப் பணம் இல்லாத சங்கங்கள் கேள்வியைக் கொண்டுவரும், மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் ஆய்வு செய்து கொடுப்பார்கள். உங்கள் கல்லூரியில் அப்படி ஓர் அமைப்பு இல்லாவிட்டால் துறைத்தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். தலைப்பை அழகாக எழுத வேண்டாம். என்ன தெரிய வேண்டும், தெரிந்தால் என்ன செய்வீர்கள், எப்போது வேண்டும், இது மூன்றும் போதும். பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு எழுதினால் நல்லது.

ஆய்வாளர் ஒருவர் என்னைப் பேட்டி எடுக்க வந்திருக்கிறார். நான் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

யார் அனுப்பினார்கள், யார் பணம் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பதிவை யார் யார் கேட்பார்கள், எங்கே இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும் என்று கேளுங்கள். என் பெயர் வருமா, எழுதியதை எனக்குக் காட்டுவீர்களா, எந்தத் தேதிவரை விலகிக்கொள்ளலாம், மறுபடி எப்போது வருவீர்கள் என்பதையும் கேட்டு, அவருடைய நெறியாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம், பதிவை நிறுத்தச் சொல்லலாம். பேசவே விருப்பமில்லை என்றால் மறுத்துவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.